அந்திக்கிறிஸ்துவுக்கு ‘அவர்’ போடலாமா?

சப்டைட்டில் எழுதும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது, எந்த அகராதி நல்லது என்றுதான். பேய்ப் படத்துக்கு எந்த அகராதியும் உதவாது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். லண்டனில் இருந்துகொண்டு ஆங்கிலப் படங்களுக்குத் தமிழ் வரிகள் எழுதியும், மற்றவர்கள் எழுதியதைப் பார்த்து ஒப்பமிட்டும் என் உத்தியோகத்தின் பிற்பகுதி போனது. அதில் பெரும் பங்கு பேய்ப் படங்கள். அவற்றிலும் என்னை உண்மையாகவே சிரமப்படுத்தியவை, வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்திலிருந்து வில்லன்களை எடுத்துச் செய்த படங்கள்.

நான் சைவக்காரன். ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய்வருகிறவன். எங்கள் சூரனிடம் ஒளிவு மறைவு கிடையாது. சூரன்போருக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போதே முறுக்கிய மீசையும் பிதுங்கிய கண்ணுமாகத்தான் வருவான். தோளில் இருக்கும் குழந்தைக்குக்கூட ஆள் யாரென்று தெரியும். கிறிஸ்தவத் தீர்க்கதரிசனம் சொல்லும் தீயவன் அப்படி வருவதில்லை. இந்த வித்தியாசம் பிடிபட எனக்குச் சில வருடங்கள் எடுத்தன.

அந்தப் படங்களில் பல தலைகளோடு கடலிலிருந்து எழும்பி வரும் மிருகம் இருக்கும். வலுசர்ப்பம் இருக்கும். இவற்றால் நமக்கு ஒரு தொல்லையும் இல்லை. உறுமலுக்கு யாரும் சப்டைட்டில் கேட்பதில்லை. பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு வரும் கள்ளத் தீர்க்கதரிசியையும் ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம். கஷ்டம் தருகிறவன் அந்திக்கிறிஸ்துதான். நல்ல இயக்குநர்கள் அவனுக்குக் கொம்பு வைப்பதில்லை. அவன் அழகாக இருப்பான். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பான். பிள்ளைகள் அவன் மடியில் ஏறுவார்கள். பார்க்கிறவர்களும் அவனை நம்பி, அவன் பக்கம் சாய்ந்து, முக்கால்வாசிப் படம் போன பிறகுதான் நெஞ்சு திடுக்கிட வேண்டும்.

ஆங்கிலம் அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. ‘ஹி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு முதல் காட்சியிலிருந்து கடைசிவரை ஓட்டிவிடலாம். தமிழில் அது நடக்காது. ஒருவன் கதவைத் திறந்தான் என்று எழுதுவதற்கே, அவன் மரியாதைக்குரியவனா இல்லையா என்று நாம் முடிவு செய்தாக வேண்டும். ‘திறந்தான்’ என்றால் ஒரு ஆள், ‘திறந்தார்’ என்றால் வேறொரு ஆள். முதல் காட்சியில் ‘அவன்’ போட்டீர்களென்றால் படத்தின் இரகசியத்தை ஒரே எழுத்தில் வெளியே விட்டுவிட்டீர்கள்.

எங்கள் மேசையில் நடந்த சிரிப்புப் பகிடி ஒன்று. இப்படியான ஒரு படத்தில் கதாநாயகன் காலைச் சாப்பாட்டில் தன் பழைய நண்பனிடம், இன்னும் ரொட்டி வேண்டுமா என்று கேட்கிறான். எங்கள் வழக்கப்படி ‘நீர்’ என்று போட்டோம். யாழ்ப்பாணத்தில் நண்பர்களுக்குள்ளும், புருஷன் மனைவிக்கும், ஒன்றாக வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லுகிற சாதாரணச் சொல் அது. கோப்பு சென்னைக்குச் சரிபார்ப்புக்குப் போய்த் திரும்பி வந்தது. ‘இவர் ஏன் டிபன் சாப்பிடும்போது நண்பரிடம் ஜெபம் செய்கிறார்?’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. அங்கே அது தேவாலயத்தில் கடவுளுக்கென்று வைத்திருக்கும் சொல்லாம். அந்த நண்பர்தான் அந்திக்கிறிஸ்து என்பது படத்தின் முடிவில் வெளிவர வேண்டிய விஷயம். நாங்கள் ரொட்டியோடு சேர்த்து அதையும் பரிமாறியிருந்தோம்.

இனிச் சொல்லப்போவது பகிடி இல்லை.

சுகந்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, தாயாரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்தார். பிறந்தது சைவக் குடும்பத்தில். ஜெர்மனியில்தான் சபைக்குப் போகத் தொடங்கி ஞானஸ்நானம் எடுத்தவர். வேதாகமம் முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. பாதாளத்தின் தூதனுக்குத் தமிழில் என்ன பெயர் என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்கும்போது, அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே சொல்லிவிடுவார். ஆகவே தீர்க்கதரிசனப் படங்களெல்லாம் சுகந்தியின் மேசைக்கே போயின.

அவருக்கு அப்போது தகுதிகாண் காலம். சென்னையிலிருந்து வரும் பிழைக் குறிப்புகளை வைத்துத்தான் வேலை நிரந்தரமாகும். வயதான தாயைத் தனியே விட ஏலாத ஒருவருக்கு, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை சும்மா கிடைக்காது. அதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் சுகந்திதான். அப்படியிருந்தும், தகுதிகாண் காலத்தின் கடைசிப் படத்தை நான் கொடுத்தபோது, பார்த்துவிட்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“அண்ணை, இது என்னால ஏலாது.”

படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தில் கொள்ளைநோய். அங்கே ஒரு டொக்டர் வருகிறார். அவர் தொட்ட பிள்ளைகள் சுகமாகிறார்கள். சனம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. ஒருவன் அவரைச் சுடுகிறான். செத்துப்போனார் என்று ஊரே அழும்போது அவர் எழும்பி வருகிறார். சதுக்கத்தில் கூடிய சனம் முழங்காலில் விழுகிறது. அவரைப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சி ஒருத்தி இருக்கிறாள். தன் கையால் எடுத்த பிள்ளை என்று அவளுக்குப் பெருமை தாங்காது. படம் முழுக்க அவரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவள் அவள்தான்.

“எங்க இடிக்குது?” என்று கேட்டேன்.

“முதல் வசனத்திலயே இடிக்குது. ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியும். இவனுக்கு ‘அவர்’ எண்டு என்ர கையால எழுத மாட்டன். எங்கட வேதாகமத்தில மோசேக்கும் ‘அவன்’தான், தாவீது ராசாவுக்கும் ‘அவன்’தான். ‘அவர்’ எண்டுற சொல் ஒராளுக்குத்தான் அண்ணை.”

“என்னையும் அவர் எண்டுதானே நீர் மற்றாக்களிட்டச் சொல்லுறீர்?”

“நீங்கள் அந்திக்கிறிஸ்து இல்லையே.”

சிரிக்காமல்தான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை. சதுக்கத்துக் காட்சியில் சனம் அவனைப் பார்த்துச் சொல்லும் துதி வசனத்தை எழுதத் தொடங்கியதாகவும், பாதியில் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். சபையில் கண்ணீரோடு சொல்லுகிற அதே சொற்கள் அவை. ஒரு மனுஷியின் நம்பிக்கையோடு விளையாடுகிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ‘அவன்’ என்றே எழுதட்டும் என்று விட்டால் படம் முதல் நிமிடத்திலேயே செத்துவிடும். வற்புறுத்தினால் நான் மனிதனில்லை.

படத்தை நானே எழுதுவதாகச் சொல்லிவிட்டு எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான முகாமையாளரிடம் போனேன். அவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி, நியாயமானவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ‘ஹி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொல் என்று விளக்கவே எனக்கு வேர்த்துவிட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: வேதாகமம் தெரிந்தவர் என்பதற்காக எடுத்த ஒருவருக்கு வேதாகமப் படம் எழுத முடியாதென்றால், எதைச் சொல்லி நான் அவரை நிரந்தரமாக்குவது? திங்கட்கிழமைவரை யோசிக்கச் சொன்னார். சுகந்தியிடம் அதை அப்படியே போய்ச் சொன்னேன். இந்த மாதிரி நேரத்தில் பூசி மெழுகிச் சொல்லாதீர்கள். ஆளுக்குத் தன் நிலைமை முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஹரோவில் மெட்ரோபொலிட்டன் ரயிலில் ஏறியபோது, ரெய்னர்ஸ் லேனில் முதலே ஏறியிருந்த சுகந்தி கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து எனக்கு இடம் விட்டார்.

“பாஸ்டர் வேலையை விடச் சொன்னவர்” என்றார். “நான் படத்தை முழுக்கத் திரும்பப் பாத்தனான். பாத்திட்டு இருந்து யோசிச்சனான். எழுதுறன் அண்ணை.”

“எனக்காக வேண்டாம், சுகந்தி. உமக்கு மனம் ஒப்பாட்டி விடும்.”

“உங்களுக்காக இல்லை. அந்தச் சனத்துக்குத் தெரியாதுதானே. தெரியாம நம்பினதுகளைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா அது பொய். ஏமாறினதை ஏமாறின மாதிரியே எழுதுறன். ‘அவர்’ எண்டே எழுதுறன், சதுக்கத்தில சொல்லுறதையும் எழுதுறன். ஆனா ஓரிடத்தில மட்டும் ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. நீங்கள் வாக்குத் தரவேணும்.”

எந்த இடம் என்று கேட்காமலே ஓம் என்றேன். உங்களில் யாராவது இப்படி வாக்குக் கொடுத்தால் நானே ஏசுவேன். ஒப்பமிடுகிறவன் பார்க்காத வரிக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கேள்வி கேட்க எனக்கு மனம் வரவில்லை.

சுகந்தி எழுதியதை வாசித்தபோது நான் அசந்துபோனேன். தமிழ் வாசிக்கிற எவரும் அந்த டொக்டரை நேசிப்பார்கள். மருத்துவிச்சியின் ஒவ்வொரு ‘அவர்’ என்ற சொல்லிலும் ஒரு தாயின் பெருமை இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. மருத்துவிச்சியின் பேரனுக்கு லேசான காய்ச்சல். டொக்டர் தானே வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்று பையனைக் கையில் பிடித்துக் காரில் ஏற்றுகிறார். கிழவி வாசலில் நின்று கையசைக்கிறாள். கார் மூலையில் திரும்புகிறது. உயர்த்திய கை அப்படியே நிற்க, அவள் மெதுவாக ஒரு வசனம் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அதே ‘ஹி’தான், ஒரு மாற்றமும் இல்லை. சுகந்தி எழுதியிருந்தார்: ‘அவன் திருப்பிக் கொண்டுவர மாட்டான்.’

அதற்குப் பிறகு ஊர் முழுக்க ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கிழவி மட்டும் ‘அவன்’ என்கிறாள். ஆங்கிலப் படத்தில் நடிகையின் முகத்தில் மட்டும் இருந்த விஷயம் தமிழில் சொல்லிலேயே வந்து நின்றது. ஒப்பமிட்டு அனுப்பினேன்.

கோப்பைக் கொடுக்க வேண்டிய நாள் மத்தியானம் சென்னையிலிருந்து சரிபார்ப்பு வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது, அந்த ஒரு வரியைத் தவிர. அதில் சிவப்பு அடையாளம். ‘ஒரே பாத்திரத்துக்கு இரண்டு மரியாதை நிலைகள். பெரிய பிழை’ என்று குறிப்பு. ‘அவர் திருப்பிக் கொண்டுவர மாட்டார்’ என்று திருத்தியும் இருந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் சின்னப் பிழையாகக் கழிந்துபோகும், வேலை நிரந்தரம். மறுத்தால் பெரிய பிழை அப்படியே நிற்கும், அதோடு தகுதிகாண் காலம் தோல்வியில் முடியும். அப்படித்தான் எங்கள் விதி இருந்தது. முகாமையாளர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகந்தியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். எனக்கு அந்த மனுஷியின் வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. வாக்கு மீறினவன் என்ற பெயர் எனக்கு வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு, “விட்டுக் குடுப்பமா?” என்று கேட்டேன்.

“இந்த ஓரெழுத்துக்காகத்தான் அண்ணை மிச்சம் எல்லாத்தையும் எழுதினனான்” என்றார். “இதை எடுக்கிறதெண்டா என்ர பேரையும் எடுத்துவிடுங்கோ. நான் வீட்ட போறன்.”

கோபமில்லாமல், நிதானமாகச் சொன்னார். அழுத்தம் வரும் நேரத்தில் எழுத்தில் வாதாடாதீர்கள். எழுதினால் அடுத்த பக்கமும் எழுதும். விதியும் விதியும் முட்டிக்கொண்டு நிற்கும். நான் சென்னைக்குத் தொலைபேசி எடுத்தேன். சரிபார்த்தவர் ஒரு இளம்பெண். நல்ல பிள்ளை, மரியாதையாகப் பேசினார்.

“சார், ஒரு கேரக்டருக்கு ஒரே மரியாதைதான் சார், ரூலே அதுதானே. மொதல் சீன்லேர்ந்து ‘அவர்’னு வந்துட்டு, திடீர்னு ‘அவன்’னா பாக்கறவங்க குழம்ப மாட்டாங்களா?”

“பிள்ளை, அந்தக் காட்சியைப் பாத்தனீங்களோ?”

“இல்ல சார். எங்களுக்கு டெக்ஸ்ட் மட்டும்தான் வரும். ரிலீசுக்கு முன்னாடி படத்தை அனுப்ப மாட்டாங்க.”

அது அவர் பிழை இல்லை. வரிகளை மட்டும் பார்க்கிற எவரும் அப்படித்தான் திருத்துவார்கள். நான் காட்சியை விளக்கத் தொடங்கினேன். இரண்டு வசனம் சொல்வதற்குள் சுகந்தி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்தபடியால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

“தங்கச்சி, நான்தான் எழுதினனான். கிழவியின்ர பேரனை அவர் கார்ல ஏத்திக்கொண்டு போறார். கிழவி கை காட்டிக்கொண்டு நிக்கிறா. கார் திரும்பேக்க அவவுக்கு விளங்குது, ஆள் ஆரெண்டு. அந்த நேரம் வாயில வாற சொல் அது.”

“புரியுது அக்கா. ஆனா அவங்க ‘அவர்’னே சொன்னாலும் அர்த்தம் வருமே?”

சுகந்தி கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“ஊரில சண்டை நடந்த காலம் எங்கட வீட்டுக்கும் ஒராள் வந்துபோறவர், தங்கச்சி. எந்தப் பக்கத்து ஆள் எண்டு கேக்காதேங்கோ, அது இப்ப தேவையில்லை. நல்ல மாதிரிப் பழகுவார். அம்மாவின்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிப்பார். எங்கட கிணத்து மோட்டரைத் திருத்தித் தந்தவர். ஒருநாள் வந்து, ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் நானே கொண்டந்து விடுறன் எண்டு சொல்லித் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவர். அம்மா வாசல் படலை வரைக்கும் போய், ‘கவனமாப் போட்டு வாங்கோ’ எண்டு அவருக்குச் சொல்லி அனுப்பினவ.”

சுகந்தி தொலைபேசியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“வாகனம் சந்தியில திரும்பேக்க எனக்கு விளங்கிட்டுது. எப்பிடி எண்டு தெரியாது. அதுவரைக்கும் நானும் அவர் எண்டுதான் சொன்னனான். அப்ப வாயில வந்தது, ‘அம்மா, அவன் திருப்பிக் கொண்டர மாட்டான்.’ அம்மா திரும்பி என்ர கன்னத்தில அடிச்சவ. பெரியாக்களை மரியாதையில்லாமக் கதைக்காதை எண்டு.”

நான் சுகந்தியோடு அத்தனை மாதம் ஒரே ரயிலில் போய்வந்தவன். தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எந்த இடம் என்று ரயிலில் கேட்காமல் விட்டது நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

“நான் அதை எடுத்துடறேன் அக்கா” என்றது சென்னைக் குரல். “பிழையே இல்லைன்னு போட்டுடறேன்.”

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் சிவப்பு மறைந்தது. நான் கண்ணாடிக் கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். முகாமையாளர் புரிந்துகொண்டு தன் மேசைக்குத் திரும்பினார். வேலை நிலைத்துவிட்டது என்று எனக்கு ஆறுதல். சுகந்தியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தொலைபேசியை வைக்கப் போனார்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றார் அந்தப் பெண். “உங்க அம்மா இப்ப அந்த ஆளை என்னன்னு சொல்வாங்க?”

“அம்மாவோ? அம்மா இண்டைக்கும் ‘அவர்’ எண்டுதான் சொல்லுறா” என்றார் சுகந்தி. “‘அவன்’ எண்டு ஒருக்கா சொல்லிப்போட்டா, பிறகு தம்பியைத் தரச்சொல்லி ஆரிட்டக் கேக்கிறது, தங்கச்சி?”